வீச்சுவலை ஈயமணிக்கு வீட்டிலேயே அச்சு அமைத்தல்

வீச்சுவலையின் அடி விளிம்பில் பாரத்துக்குக் கோர்க்கும் ஈயமணியைக் கடையில் வாங்கினால் அது எல்லா வலைக்கும் ஒத்துவராது. மட்டக்களப்பு வாவியின் சேற்றுத் தரையில் இறாலுக்கு வீசும் வலைக்கு ஒரு மணி வேண்டும். முகத்துவாரத்து நீரோட்டத்தில் மணலை மீனுக்கு வீசும் வலைக்கு வேறு மணி வேண்டும். பாரம் கூடினால் வலையின் அடி சேற்றில் புதைந்து, இழுக்கும்போது சேற்றையே அள்ளிக்கொண்டு வரும். குறைந்தால் வலை தரையைத் தொடுவதற்குள் மீன் அடியால் நழுவிவிடும். தனக்கு வேண்டிய எடையிலும் நீளத்திலும் மணி வேண்டுமென்றால் அச்சை நாமே அமைத்துக்கொள்வதுதான் வழி.

அச்சு என்றதும் பலர் முதலில் எடைக் கணக்கைத்தான் பார்ப்பார்கள். அது பத்து நிமிட வேலை. வார்த்த மணியை எப்படி வெளியே எடுப்பது, மணியில் துளை விழச் செய்யும் ஊசியை எப்படி உருவுவது, உள்ளே அகப்பட்ட காற்று எந்த வழியால் போவது என்ற மூன்றையும் கடதாசியில் தீர்த்த பிறகுதான் அலுமினியத்தைத் தொட வேண்டும். பழைய இரும்புக் கடைகளில் கிடக்கும் கைவிட்ட அச்சுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றில் தவறியவை.

எடையும் அளவும்

வாவிக்கு வீசும் வலைக்கு, ஆரை ஒரு மீற்றருக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை ஈயம் என்பது நல்ல தொடக்கம். ஆரை 2.5 மீற்றர் உள்ள வலையின் சுற்றளவு 15.7 மீற்றர். அதற்கு 4 கிலோ ஈயம் என்று வைத்தால், 20 கிராம் மணிகள் 200 வேண்டும். அவை 7.8 செ.மீ. இடைவெளியில் வரும். அதே நாலு கிலோவை 40 கிராம் மணிகளாக்கினால் இடைவெளி இரட்டிப்பாகும். மேடுபள்ளமான தரையில் இரண்டு மணிகளுக்கு நடுவே வலை தூக்கி நிற்க, இறால் அந்த வழியால் போய்விடும். வாவிக்குச் சிறிய மணி அதிகமாக இருப்பதே நல்லது. கல்முனை, ஒலுவில் பக்கம் கடற்கரையில் அலைக்குள் வீசுபவர்கள் பாரத்தைக் கூட்டலாம்.

ஈயத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 11.34 கிராம். 20 கிராமுக்கு 1.76 கன செ.மீ. தேவை. உறைந்து ஆறும்போது ஈயம் சுருங்குவதால் குழியைக் கணக்கைவிட இரண்டு, மூன்று சதவீதம் பெரிதாக வைக்க வேண்டும். 11 மி.மீ. விட்டம், நடுவில் 4 மி.மீ. துளை, நேரான பகுதி 20 மி.மீ., இரு முனையிலும் கூம்பு என்று எடுத்தால் உள்ளளவு ஏறத்தாழ 1.8 கன செ.மீ. ஆகும். ஆறிய பின் 20 கிராமை ஒட்டி நிற்கும். கூம்புகள் சாதாரண ட்ரில் பிட்டின் முனை தானாகவே தரும் வடிவம். 118 பாகை முனையுள்ள 11 மி.மீ. பிட் 3.3 மி.மீ. ஆழக் கூம்பை விடும். அதற்காகத் தனி வேலை இல்லை. தட்டையாக வெட்டிய முனையுள்ள மணியின் விளிம்பு தங்கூசியை (நைலோன் நூலை) அறுக்கும், கூம்பு முனை அறுக்காது.

வாகன டயரில் இருந்து எடுத்த எடைக் கட்டிகளில் அன்ரிமனி என்ற உலோகம் கலந்திருக்கும். அதன் அடர்த்தி சற்றுக் குறைவு, 11 அளவில் இருக்கும். அந்த ஈயத்தில் மணி அரைக் கிராம் குறைந்து வரும். வலைக்கு அது பொருட்டல்ல.

முதலில் மரத்தில்

அலுமினியத்தில் இறங்கும் முன் இரண்டு மரத்துண்டுகளைப் பிடித்து ஒரே ஒரு குழி துளைத்து, பத்துப் பன்னிரண்டு மணி வார்த்துப் பாருங்கள். முதிரை, பாலை போன்ற வைரமரம் நல்லது. மரம் காய்ந்திருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க முடியாது. ஈரமரத்தில் ஈயத்தை ஊற்றினால் ஈரம் ஒரே கணத்தில் நீராவியாகி ஈயத்தை முகத்துக்குத் தெறிக்க வைக்கும். மாரியில் வெட்டிய பலகை, கிணற்றடியில் கிடந்த பலகை எதுவும் வேண்டாம். குழி கருகிக்கொண்டே போகும், மணியின் தோல் சொரசொரப்பாக இருக்கும், அது பரவாயில்லை. இந்த மணிகளை வலையின் ஒரு பக்கத்தில் கோர்த்து வீசிப் பார்த்து, நீளமும் எடையும் சரியா என்று தீர்மானித்துக்கொள்ளலாம். அளவை மாற்ற இதுவே மலிவான நேரம்.

அச்சின் உடல்

ஒரு தடவையில் நாலு மணி தரும் அச்சு கைக்கு அடக்கமானது. எட்டுக் குழி வைக்க ஆசை வரும். எட்டாவது குழிக்கு ஊற்றும்போது முதலாவது உறைந்திருக்கும், எட்டு ஊசிகளை ஒன்றாக உருவுவதும் பெரும்பாடு. ஆகவே நாலு. இரண்டு கட்டைகள் சேர்ந்து குழிகளைத் தரும், அவற்றின் அடியில் ஊசிகள் நிற்கும் தட்டு இருக்கும்.

தேவையானவை: 130 மி.மீ. நீளம், 40 உயரம், 20 தடிப்புள்ள அலுமினியக் கட்டைகள் இரண்டு; 130 நீளம், 40 அகலம், 10 தடிப்புள்ள அலுமினியத் தட்டு ஒன்று; 4 மி.மீ. ஸ்ரெயின்லெஸ் கம்பி, 5 மி.மீ. உருக்குக் கம்பி, 6 மி.மீ. போல்ட் இரண்டு. அலுமினியம் பட்டையாக இழுத்ததாக இருக்கட்டும். பழைய எஞ்சின் உறையை வெட்டி எடுத்த அலுமினியத்தின் உள்ளே பொட்டுப்பொட்டாகக் காற்றுக் குழிகள் இருக்கும். அவை அச்சின் முகத்தில் வெளிப்பட்டால் ஈயம் புகுந்து மணியைக் கவ்விக்கொள்ளும். பித்தளையும் வேண்டாம். வெள்ளீயம் கலந்த ஈயம் பித்தளையில் பற்றிக்கொள்ளும். அலுமினியத்தில் ஈயம் பற்றாது, சூட்டையும் சீராகப் பரப்பும்.

அடித்தட்டுக்கு இரும்பு போதாதா என்று கேட்பார்கள். போதாது. இரும்பைவிட அலுமினியம் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அச்சு 160 பாகை செல்சியஸுக்குச் சூடேறும்போது முதல் ஊசிக்கும் கடைசி ஊசிக்கும் இடையிலான 84 மி.மீ. தூரத்தில் இரண்டு உலோகங்களுக்கும் 0.12 மி.மீ. வித்தியாசம் வந்துவிடும். குளிரில் சுகமாகப் புகுந்த ஊசிகள் சூட்டில் இறுகிப் பிடிப்பதற்கு இதுவே காரணம். மூன்று துண்டும் ஒரே உலோகமாக இருந்தால் எல்லாம் சேர்ந்தே விரியும்.

துளைக்கும் ஒழுங்கு

இந்த வேலையை மேசை ட்ரில்லில்தான் செய்ய வேண்டும். கைட்ரில்லில் செய்தால் நாலு குழியும் நாலு திசையில் போகும். வீட்டில் இல்லையென்றால் கராஜிலோ லேத் பட்டறையிலோ அரை நாள் வேலையாகக் கொடுக்கலாம், ஆனால் கீழே சொல்லும் ஒழுங்கை அவர்களிடம் எழுதிக் கொடுங்கள்.

இரண்டு கட்டைகளின் சேரும் முகங்களையும் கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்குங்கள். சேர்த்துப் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் கீற்று வெளிச்சம் தெரியக் கூடாது. பிறகு இரண்டையும் இறுக்கிப் பிடித்து, இரு அந்தங்களிலும் முகத்துக்குச் செங்குத்தாக 5 மி.மீ. துளை போட்டு உருக்குக் கம்பியை ஒரு கட்டையில் இறுக்கமாகவும் மற்றதில் வழுக்கலாகவும் அமையுங்கள். குழி துளைப்பதற்கு முன்பே இந்த ஆணிகள் இருக்க வேண்டும். பின்னர் போட்டால் இரு பாதிகளும் ஒருபோதும் சரியாகப் பொருந்தா.

இனி அடித்தட்டையும் கீழே வைத்து மூன்றையும் ஒன்றாகப் பிடித்துக் கவிழ்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கட்டைகளும் சேரும் கோட்டின் நேர் மேலே, தட்டின் முதுகில் நாலு புள்ளிகள்: அந்தத்தில் இருந்து 23 மி.மீ. விட்டு முதலாவது, பிறகு 28 மி.மீ.க்கு ஒன்று. 3.3 மி.மீ. பிட்டால் தட்டையும் கட்டைகளையும் முழுதாக ஊடுருவித் துளையுங்கள். இப்படிச் செய்தால் ஊசியின் இடமும் குழியின் நடுவும் அளக்காமலே ஒன்றாகிவிடும்.

தட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கட்டைகளின் துளைகளை 4 மி.மீ. ஆக்குங்கள். அடுத்து 11 மி.மீ. பிட்டை அதே துளைவழியாக, பிட்டின் முனை 23.3 மி.மீ. ஆழம் போகும் வரை இறக்குங்கள். நேரான சுவர் 20 மி.மீ., மேலே கூம்பு. ட்ரில்லின் ஆழத் தடையை ஒரு தடவை வைத்து நாலையும் துளைத்தால் நாலு மணியும் ஒரே எடையில் வரும். வேகம் குறைவாக, மண்ணெண்ணெய் விட்டு, அடிக்கடி பிட்டை வெளியே எடுத்துத் துருவலைத் தட்டுங்கள். அலுமினியத் துருவல் பிட்டில் அப்பிக்கொண்டால் குழி சுவர் கீறிவிடும், அந்தக் கீறலில் ஈயம் பிடிக்கும்.

தட்டின் மேல்முகத்தில், அதே நாலு இடத்திலும் 11 மி.மீ. பிட்டின் கூம்பு முழுதாகப் பதியும் வரை மட்டும் துளையுங்கள். இது மணியின் கீழ்க் கூம்பு. மிஞ்சிய 3.3 மி.மீ. துளைகளில் 4 மி.மீ. மரை (திருகுப் புரி) போடுங்கள்.

ஊற்றுவாய் இரண்டு போதும். முதலாம் குழிக்கும் இரண்டாம் குழிக்கும் நடுவில் ஒன்று, மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் ஒன்று. கட்டைகளின் மேற்பக்கத்தில், சேரும் கோட்டில் 5 மி.மீ. பிட்டால் 20 மி.மீ. ஆழம் துளைத்து, வாயை 12 மி.மீ. அகலத்துக்குப் புனல்போல விரியுங்கள். பிறகு கட்டைகளைப் பிரித்து, ஊற்றுவாயின் அடியில் இருந்து இரு பக்கக் குழிகளின் தோளுக்கும் (நேர் சுவர் கூம்பாகத் திரும்பும் இடத்துக்கும்) உருண்டை அரத்தால் வாய்க்கால் வெட்டுங்கள். அகலம் 4, ஒவ்வொரு முகத்திலும் ஆழம் 2 மி.மீ. இந்த வாய்க்காலைச் சிறிதாக்கினால் வெட்டுவது சுலபம் என்று நினைத்து 2 மி.மீ.க்கு விடுபவர்கள் உண்டு. அங்கே ஈயம் முதலில் உறைந்து, மணி சுருங்கும்போது நிரப்ப ஈயம் வராமல் உள்ளே பள்ளம் விழும்.

ஊசிகள்

வெல்டிங் கடையில் கிடைக்கும் 4 மி.மீ. ஸ்ரெயின்லெஸ் கூரின் மேற்பூச்சைத் தட்டி நீக்கினால் நேரான கம்பி கிடைக்கும். நாகம் (துத்தநாகம்) பூசிய கம்பியைத் தொடவே வேண்டாம். ஒரு முனையில் மரை போட்டுத் தட்டில் திருகி, அடியில் சுரையால் (நட்டால்) இறுக்குங்கள். தட்டின் மேல் 34 மி.மீ. நீண்டிருக்கட்டும்.

ஊசியை ட்ரில்லில் பிடித்துச் சுழலவிட்டு, அடியில் 4.0, நுனியில் 3.8 மி.மீ. ஆகும்படி அரத்தாலும் பிறகு மெல்லிய உப்புத்தாளாலும் சரிவாக்குங்கள். ஈயம் ஆறும்போது ஊசியை இறுக்கிப் பிடிக்கும். நேரான ஊசி கடைசி மில்லிமீற்றர் வரை இறுகியே வரும், சரிவான ஊசி சிறிது நகர்ந்ததும் விட்டுவிடும். நுனி மெலிவதில் இன்னொரு பயனும் உண்டு. மேலே உள்ள 4 மி.மீ. துளைக்கும் ஊசிக்கும் இடையில் சுற்றிவர 0.1 மி.மீ. சந்து வரும். காற்று அதனால் வெளியேறும், ஈயம் நுழையாது. குழியின் மிக உயர்ந்த இடத்திலேயே காற்றுவழி அமைவதால் வேறு காற்றுக் கீறல் தேவைப்படாது.

தட்டின் இரு அந்தங்களிலும், குழிகளுக்கு வெளியே, 5 மி.மீ. துளை போட்டு 6 மி.மீ. மரை வெட்டி, கீழிருந்து போல்ட் திருகுங்கள். போல்ட்டின் நுனி கட்டையின் அடியில் முட்டும் இடத்தில் சிறு இரும்புத் தகடு பதித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அலுமினியம் பள்ளமாகும். வார்த்த பிறகு இரண்டு போல்ட்டையும் மாறிமாறி அரைச் சுற்று முடுக்கினால் தட்டு நேராகக் கழன்று நாலு ஊசியும் ஒரே சீராக உருவி வரும். சுத்தியலால் தட்டி எடுக்கும் அச்சில் ஊசி வளையாமல் ஒரு மாதம் நிற்பது அபூர்வம்.

தட்டைக் கட்டைகளோடு பூட்டத் தேவையில்லை. ஊற்றிய ஈயம் குழியின் கூரையை மேலே தள்ளும் விசை நாலு குழிக்கும் சேர்த்து நூறு கிராமுக்குள்தான், கட்டைகளின் எடை அரைக் கிலோவுக்கு மேல். இரு கட்டைகளையும் இறுக்க ஒரு ஜீ கிளாம்ப் போதும். பிணைச்சல் வைத்துப் புத்தகம் போலத் திறக்கும் அச்சு பார்க்க அழகு. ஆனால் பிணைச்சல் கொஞ்சம் ஆடினாலும் ஆணிகள் கோணலாகப் புகுந்து சிக்கும். இரு கட்டைக்கும் தனித்தனியே மரப்பிடி வைத்து நேராகப் பிரிப்பதே எங்கள் தெரிவு.

ஈயம்

கூரை ஈயத்தகடு, பழைய கேபிள் உறை, பழைய வலை மணி என்பவை நல்ல ஈயம். டயர் எடைகளில் இப்போது நாகமும் இரும்பும் கலந்து வருகின்றன. 'Zn', 'Fe' என்று பொறித்தவற்றை முதலிலேயே ஒதுக்குங்கள். ஈயம் 327 பாகையில் உருகும், நாகம் 419 பாகையில். சட்டியை 380க்கு மேல் போகவிடாமல் வைத்தால் தவறி விழுந்த நாகக் கட்டி உருகாமல் மிதக்கும், அள்ளி எறியலாம். நாகம் கலந்துவிட்டால் ஈயம் கஞ்சிபோலாகி வாய்க்காலில் ஓடாது. அதைத் திருத்த வீட்டில் வழியில்லை.

பற்றரியை உடைத்து ஈயம் எடுக்க வேண்டாம். மலிவாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அதில் அமிலமும் தூளான ஈயச் சேர்மங்களும் ஆசனிக் என்ற நஞ்சும் இருக்கின்றன. அந்தப் புகையும் கழிவும் வளவு மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். நாலு கிலோ ஈயத்துக்கு அது தகாது.

200 மணிக்கு 5 கிலோ ஈயம் கையில் இருந்தால் போதும். ஊற்றுவாயில் உறைந்த துண்டுகள் மறுபடி சட்டிக்கே போகும்.

வார்த்தல்

திறந்த வெளியில், கூரையுள்ள இடத்தில், சமையலுக்கு ஒருபோதும் பயன்படுத்தாத இரும்புச் சட்டியில். அலுமினியச் சட்டி சூட்டில் வலுவிழந்து அடி கழன்றுவிடலாம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அடுப்புச் சுவாலை ஆடி ஈயத்தின் சூடு ஏறி இறங்கும். மூன்று பக்கம் தகரம் மறைத்து, காற்று வரும் பக்கத்தில் முதுகைக் காட்டி நில்லுங்கள். மாரி மழை நாட்களில் இந்த வேலையே வேண்டாம். உருகிய ஈயத்துக்குள் விழும் ஒரு சொட்டு நீர் ஆயிரத்தைந்நூறு மடங்குக்கு மேல் விரிந்து சட்டியையே காலி செய்யும். புதிதாகப் போடும் ஈயத்துண்டை, அகப்பையை, கிளறும் கம்பியை எல்லாம் சட்டி விளிம்பில் வைத்துச் சூடாக்கிய பிறகே உள்ளே விடுங்கள்.

குழிகளையும் ஊசிகளையும் குப்பிவிளக்குப் புகையில் மெல்லிய கரி படியக் காட்டுங்கள். அச்சைத் தட்டோடு சேர்த்து இரும்புத் தகட்டின் மேல் வைத்து, கைவைக்க முடியாத சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஈயம் உருகியதும் ஒரு சிறு மெழுகுதிரித் துண்டைப் போட்டுக் கிளறி, மேலே வரும் சாம்பல் நிறக் கசடை அள்ளுங்கள். மெழுகு தீப்பற்றும், பயப்பட வேண்டாம், தலையை மட்டும் விலக்கிக்கொள்ளுங்கள். 500 பாகை காட்டும் வெப்பமானி ஒன்று வாங்குவது வீணல்ல. 370 முதல் 380க்குள் ஊற்றுங்கள். வெப்பமானி இல்லையென்றால், கசடு அள்ளிய ஈய முகத்தில் உடனே பொன், ஊதா நிறம் ஓடினால் சூடு கூடிவிட்டது.

அகப்பையில் ஒரு ஊற்றுவாய்க்கு வேண்டியதைவிடச் சற்றுக் கூடுதலாக எடுத்து, தயங்காமல் ஒரே ஊற்றாக ஊற்றி, வாய் நிரம்பி மேடாக நிற்கும்வரை விடுங்கள். அந்த மேடு உறையும்போது நடுவில் குழிந்தால், கீழே மணி ஈயத்தை இழுத்துக்கொள்கிறது என்று பொருள், அது நல்லது. மேடு மங்கிய பிறகு இருபது எண்ணி, முதலில் போல்ட்டை முடுக்கி ஊசியை உருவுங்கள், பிறகு கிளாம்பைக் கழற்றிக் கட்டைகளைப் பிரியுங்கள். ஒழுங்கு மாறினால் மணிகள் ஊசியிலேயே ஆறி இறுகி, குறட்டால் திருகி எடுக்க வேண்டி வரும்.

முதல் நாலைந்து ஊற்று சுருக்கம் விழுந்து வரும். அச்சு இன்னும் சூடாகவில்லை, அவ்வளவுதான். அவற்றைச் சட்டிக்கே திருப்பி விடுங்கள். பிறகும் சுருக்கம் தொடர்ந்தால் ஈயத்தின் சூட்டைக் கூட்டும் முன் அச்சின் சூட்டைப் பாருங்கள், பெரும்பாலும் பிழை அங்கேதான். மணியின் தோல் பனி படிந்தது போல வெளிறி வந்தால் அச்சு அதிகம் சூடாகிவிட்டது, இரண்டு நிமிடம் திறந்து வையுங்கள். பக்கவாட்டில் இறகுபோல மெல்லிய தகடு வந்தால் கட்டைகளுக்கு நடுவில் ஈயத்தூள் அகப்பட்டிருக்கும், மரக்குச்சியால் துடையுங்கள், கத்தி போட வேண்டாம். மேல் கூம்பு மட்டும் நிரம்பாமல் மழுங்கி வந்தால் காற்றுவழி அடைபட்டிருக்கிறது. சிந்திய ஈயம் மேலே உள்ள ஊசித்துளைக்குள் போயிருக்கும், அல்லது கரி தடித்திருக்கும். துளை ஒரு பக்கம் ஒதுங்கி வந்தால் ஊசி வளைந்துவிட்டது. அதை நிமிர்த்த முயலாமல் புதிது போடுங்கள்.

ஊற்றுவாய்த் துண்டைப் பக்கவெட்டுக் குறட்டால் நறுக்கி, வெட்டிய இடத்தை ஒரு தடவை கத்தியால் வழித்தால் மணி தயார். அரத்தால் தேய்க்காதீர்கள், ஈயத்தூள் பறக்கும்.

உடம்புக்கு

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இருப்பதாக அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பிள்ளைகளின் மூளையை அது தாக்கும். 480 பாகைக்கு மேல் ஈயப்புகை கடுமையாகக் கூடும், 380ஐத் தாண்ட வேண்டாம் என்பதற்கு இது இரண்டாவது காரணம். ஆனால் வீட்டில் வார்ப்பவருக்குப் புகையைவிடப் பெரிய ஆபத்து அள்ளிய கசடு. அது தூள், கையில் ஒட்டும், வாய்க்குப் போகும். மூடியுள்ள தகர டின்னில் போட்டு, பழைய ஈயம் வாங்கும் இடத்தில் கொடுங்கள். வாவிக்குள்ளோ தென்னையடியிலோ கிணற்றுப் பக்கத்திலோ கொட்டக் கூடாது. வேலை முடியும் வரை வெற்றிலை, பீடி, தேநீர் எதுவும் வேண்டாம். தோல் கையுறை, கண்ணாடி, மூடிய சப்பாத்து, நீளக் காற்சட்டை அவசியம். தூளைத் தடுக்கும் வடிகட்டி முகமூடி இருந்தால் அணியுங்கள். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரக்கூடாது. முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கையும் முகமும் கழுவி, உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். மணிகளைக் கோர்க்கும்போது பல்லால் கடித்து இறுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு, அதையும் விட வேண்டும்.

அச்சை வைக்கும்போது கடைசியாக வார்த்த நாலு மணிகளையும் உள்ளேயே விட்டு, தட்டை மட்டும் கழற்றி மூடி வையுங்கள். உப்புக் காற்று குழிச் சுவரைப் பூக்க வைக்காது. ஊசிகளுக்கும் ஆணிகளுக்கும் ஒரு துளி எண்ணெய். அடுத்த தடவை சூடேற்றும் முன் அந்த எண்ணெயை முழுதாகத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் இருந்தால் அது கருகும்வரை எல்லா மணியும் பொட்டுப்பொட்டாகக் குழி விழுந்தே வரும்.